குரைக்காத செவலை

“நாயைப் பிடிங்க மிஸ்... ஐயோ, சட்டை போச்சு!”

சட்டை போய்த்தான் விட்டது. மாத்தளை மிருக வைத்தியசாலையின் ஒடுங்கிய விறாந்தையில், ஐப்பசி மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமைக் காலையில், கைசர் என்ற அல்சேஷன் நாய் ஒரே பாய்ச்சலில் எதிரே நின்ற இளைஞனின் நெஞ்சில் சேற்றுக் கால்களைப் பதித்துவிட்டது. கயிற்றின் மறுமுனையில் அருந்ததி இழுபட்டு வந்தாள். குடை ஒரு பக்கம் விழுந்தது, கைப்பை ஒரு பக்கம் விழுந்தது.

“உங்கட நாயைப் பாத்துத்தான் இது துள்ளுது. அதை அங்கால கொண்டுபோங்கோ!”

“என் நாய் என்ன மிஸ் செஞ்சிச்சு? அது பாட்டுக்கு ஒக்காந்திருக்கு.”

உண்மைதான். அவன் காலடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய் இருந்தது. கழுத்தில் கயிறுகூட இல்லை. கைசர் தொண்டை கிழியக் குரைத்தும் அது ஒரு சத்தம் கொடுக்கவில்லை. எழுந்து, அவனுடைய முழங்காலை மூக்கால் ஒருமுறை தொட்டது. பிறகு கைசரைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அவன் முகத்தைப் பார்த்தது.

அருந்ததிக்குக் கோபம் ஆறவில்லை. “குரைக்கத் தெரியாத நாயை ஏன் வளர்க்கிறியள்?”

“குரைச்சா கேக்குறதுக்கு வீட்டுல காது வேணும்ல மிஸ்?” அவன் சட்டையைத் தட்டிக்கொண்டே சிரித்தான். “எங்கப்பாவுக்குச் சுத்தமாக் கேக்காதுங்க.”

கயிறு அவள் கையில் தளர்ந்தது. மழை... தகரம்... கைசரின் குரைப்பு... எல்லாம் சட்டென்று தூரத்துக்குப் போனதுபோல் இருந்தது. அப்போதுதான் அவனுடைய கண்களைப் பார்த்தாள். சிரிக்கும்போதும் முழுதாகச் சிரிக்காத கண்கள். மழைக்கு முந்திய வானம்போல, எதையோ தாங்கிக்கொண்டிருந்த கண்கள்.

“எங்கட அம்மாவுக்கும்...” என்றாள். 

*

அருந்ததியின் அம்மா சுசீலாதேவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் நெருப்புக் காய்ச்சல் என்னும் டைபாயிட் வந்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. அப்பா ஆறுமுகநாதன் மாத்தளை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லிகிதர்; கோப்பும் கடிதமும் எழுதுகிறவர். அருந்ததி ஊரிலேயே ஒரு பாடசாலையில் ஆசிரியை. காலை ஏழரையிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை, மந்தண்டாவெலப் பக்கத்து அந்த வாடகை வீட்டில் அம்மா தனியே இருப்பாள்.

‘வீட்டுக்கு ஒரு நல்ல நாய் வேணும்’ என்று அப்பா முடிவு செய்தார். யாரைக் கேட்டாலும் நல்ல நாய் என்றால் பெரிய நாய். பெரிய நாய் என்றால் பெரிய குரல். கச்சேரி நண்பர் ஒருவர் துரை பங்களாவிலிருந்து கைசரைப் பிடித்துக் கொடுத்தார். கைசர் குரைத்தால் அடுத்த தெருவில் பல்லி விழும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

போன கிழமை குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பு சரிந்து ஜன்னல் சீலை பற்றிக்கொண்டது. பின் தூணில் கட்டியிருந்த கைசர், கயிற்றை அறுக்கப் பார்த்து, தீப்பொறியில் காலைச் சுட்டுக்கொண்டு, கால் மணி நேரம் விடாமல் குரைத்தது. முன் அறையில், குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா அமைதியாக அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பீபி மதிலேறி வந்து தண்ணீர் ஊற்றியிராவிட்டால்...

இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்க்கவேண்டும். குரைப்பு எப்படி வேலை செய்கிறது? அது காற்றில் போகிறது; எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் போகிறது; கேட்கிறவர் எவரோ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்ட செய்தி. கைசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஊருக்கெல்லாம் சொன்னது. சொல்லவேண்டிய ஒருத்தியைத் தவிர.

அன்று இரவே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாத முடிவில் அம்மா கொக்குவிலில் மாமா வீட்டுக்குப் போகவேண்டும். போனால் என்ன நடக்கும் என்று அருந்ததிக்குத் தெரியும். மாமியின் பின்னறையில் ஒரு கட்டில்; மூன்று வேளை தட்டு; வாழ்க்கை முடிந்தது. “அப்ப நான் வேலையை விடுறன்” என்றாள் அருந்ததி. அம்மா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “விட்டாயோ, நான் இண்டைக்கே பஸ் ஏறுவன்” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

*

அவன் பெயர் லெட்சுமணன்; நாயின் பெயர் செவலை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா மாரிமுத்து முப்பது வருடம் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோதையோடு நின்றவர். அந்த இயந்திரத்தின் இரைச்சல் முதலில் மெல்லிய சத்தங்களைத் தின்னும், பிறகு பேச்சைத் தின்னும், கடைசியில் தன்னையே தின்றுவிடும். ‘ரோதை நின்னுபோச்சா?’ என்று ஒரு நாள் மாரிமுத்து கேட்டாராம். அது ஓடிக்கொண்டிருந்தது.

“செவலையை எப்பிடித் தெரிஞ்செடுத்தனீங்கள்?” அருந்ததி கேட்டாள்.

“நான் எங்கங்க எடுத்தேன்? எங்கம்மா எடுத்தாங்க. அஞ்சு குட்டி இருந்திச்சு. அம்மா அலுமினியத் தட்டைத் தரையில போட்டாங்க, டமார்னு. ரெண்டு ஓடிப் போச்சு. ஒண்ணு குரைச்சிச்சு. ஒண்ணு தட்டை மோந்து பாத்திச்சு, சோறு இருக்கான்னு. இது மட்டும் அம்மா மொகத்தைப் பாத்திச்சு. சத்தத்தைப் பாக்காம ஆளைப் பாத்துச்சுங்க. ‘இதான்டா நம்ம வீட்டுக்கு’ன்னாங்க.”

“பிறகு?”

“பொறகென்ன? விடியக்காலம் வேலைக்கு எழுப்பத் தப்பு அடிச்சா அம்மா அப்பாவோட கம்பளியைப் புடிச்சு இழுப்பாங்க. இது பாத்துக்கிட்டே இருந்திச்சு. அம்மா செத்த மறுநாள் விடியத் தப்புச் சத்தம் கேட்டுச்சு... இது போயிக் கம்பளியை இழுத்திச்சு.”

அவன் செவலையின் காதைத் தடவினான். அவன் கையிலே தடுப்பூசித் துண்டுச் சீட்டு இருந்தது. தடுப்பூசி போட்ட நாய் என்றால்தான் டவுனில் யாராவது எடுப்பார்கள் என்றான்.

“ஏன் குடுக்கிறியள்? உங்கட அப்பாவுக்கு...”

“இந்தியாவுக்குப் போறோங்க. தோட்டத்து ஆளுகளை அங்க அனுப்புற ஒப்பந்தத்துல பேரு வந்திருச்சு. இன்னும் இருபத்திமூணு நாள். கப்பல்ல நாயை ஏத்த மாட்டாங்க.”

மழை விடாமல் பெய்தது. அவன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“உங்கம்மா வீட்டுக்கு இதைக் குடுக்கலாம் மிஸ். ஆனா சும்மா குடுத்தா வேலைக்காகாது. அந்த வீட்டுச் சத்தமெல்லாம் படிச்சுக் குடுக்கணும். கைசர் கெட்ட நாய் இல்லீங்க, வேலைதான் மாறிப்போச்சு. பலாபத்வலயில எனக்குத் தெரிஞ்ச மொதலாளி ஒருத்தரு மிளகு ஸ்டோருக்கு நாய் தேடுறாரு. அவருக்கு நல்லாக் காது கேக்கும்.”

அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்தது. எது முதலில் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை...

*

திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு அவன் செவலையோடு வந்தான். கைசர் அதற்குள் மிளகு ஸ்டோர்க் காவலுக்குப் போயிருந்தது. மதிலின் மறுபக்கம் பீபி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். காவலுக்காம்.

“மகள், அந்த நாய என்ட பக்கம் மட்டும் விட வேணாம். வாயீரம் பட்டா ஏழு தரம் கழுவோணும். எனக்குத் தண்ணி இழுக்க ஏலா.”

செவலையின் வேலை மூன்று பங்காக நடக்கும். முதலில் தொடும்: மூக்கால், முழங்காலில். ஆள் திரும்பாவிட்டால் சீலைத் தலைப்பை இழுக்கும். பிறகு சத்தம் வந்த பக்கம் நாலடி நடந்து, நின்று, திரும்பிப் பார்க்கும். மூன்றாவதுதான் முக்கியம். ‘ஏதோ நடக்கிறது’ என்று சொல்ல எந்த நாயாலும் முடியும். ‘எங்கே’ என்று சொல்லத் தெரிந்த நாய்தான் அந்த வீட்டுக்கு வேண்டும்.

ஆனால் செவலைக்குத் தெரிந்தது தோட்டத்துச் சத்தங்கள். தப்பு தெரியும், தொழிற்சாலைச் சங்கு தெரியும். தெருவாசல் படலையின் கொளுக்கி தெரியாது, மண்ணெண்ணெய் அடுப்பின் சீறல் தெரியாது, தபால்காரனின் சைக்கிள் மணி தெரியாது. எனவே அவன் கொளுக்கியைத் தட்டுவான். அருந்ததி உடனே போய் அம்மாவின் தலைப்பை இழுத்து, படலைக்குக் கூட்டிவருவாள். அம்மா ஒரு துண்டு ரொட்டி கொடுப்பாள். செவலை பார்த்துக்கொண்டிருக்கும். பத்துத் தரம். இருபது தரம்.

“டீச்சர் நல்லா இழுக்கிறீங்க,” என்றான் அவன். “ரொட்டி ஒங்களுக்கும் ஒரு துண்டு போடச் சொல்லவா?”

“உங்கட வாய்க்கு முதல்ல ஒரு கொளுக்கி போடவேணும்!”

சத்தங்களைச் சொல்லிக்கொடுப்பதைவிட, எதைச் சொல்லவேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பது கடினம். முதல் மூன்று நாளும், பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் செவலை அம்மாவைப் படலைவரை இழுத்துக்கொண்டு போனது. அம்மா படலையைத் திறந்து, வெறும் தெருவைப் பார்த்து, “ஆர் வந்தது?” என்று கேட்டாள்.

மதிலுக்கு அப்பால் பீபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அசர் தொழுகைக்குக் கூப்பிர்றாங்க டீச்சரம்மா! நாய்க்கு விளங்கீக்கு, எங்கட வீட்டு ஆம்புளைகளுக்குத்தான் விளங்கல்ல!”

அந்தச் சத்தம் வரும்போது எவரும் அசையாமல் இருந்தார்கள். வீட்டில் ஒருவரும் தலை திருப்பாத சத்தம் சொல்லவேண்டாத சத்தம். ஐந்தாம் நாள் செவலை காதை மட்டும் நிமிர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டது.

சிரமம் நாயோடு இல்லை. அம்மாவோடுதான். “என்னை ஒரு நாய் இழுத்துக்கொண்டு திரியுறதோ? நான் என்ன மாடே?” தலைப்பில் வாயீரம் பட்டால் உடனே போய்ச் சீலை மாற்றினாள். லெட்சுமணன் கோபப்படவில்லை. அவள் எதிரே வந்து நின்று, வாயை நிதானமாக அசைத்து, கையால் காட்டிச் சொன்னான்: “எங்கப்பாவும் இப்படித்தாம்மா சொன்னாரு. ரெண்டு மாசம் அதுகூடப் பேசவே இல்ல.” அம்மா அவனையே பார்த்தாள். பிறகு, யாரும் கேளாமலே, ரொட்டியைப் பெரிய துண்டாகப் பிய்த்தாள்.

அருந்ததி ஒரு நாள் கேட்டாள்: “எந்த பஸ்ஸில வாறியள்?”

“நாயை பஸ்ஸுல ஏத்துவாங்களா மிஸ்? நடந்துதான்.”

மலைக்கு மேலிருந்து... இந்த மழையில்... நாள்தோறும் போக ஏழெட்டு மைல், வர ஏழெட்டு மைல்.  அன்று அவள் போட்ட தேநீரில் சீனி இரண்டு கரண்டி கூடிவிட்டது. அவன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான்.

*

பத்தாம் நாள் அப்பா நாலு மணிக்கே வந்துவிட்டார்.

குசினி வாசலில் லெட்சுமணன் குந்தியிருந்தான். அடுப்பின் சீறலுக்குச் செவலையைப் பழக்கிக்கொண்டிருந்தான். அருகே அருந்ததி. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆர் இது?” ஆறுமுகநாதனின் குரல் உயரவில்லை; அதுதான் பயமாக இருந்தது. “நாய் பழக்கிறதெண்டால் முத்தத்தில வைச்சுப் பழக்கட்டும். தோட்டத்து ஆக்களைக் குசினிவரைக்கும் விடுறதோ? நாலு பேர் பாத்தால் என்ன கதைப்பினம்?”

லெட்சுமணன் எழுந்தான். அருந்ததியைப் பார்த்தான். ஒரு வார்த்தை... அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அந்தக் கண்கள் காத்திருந்தன.

அவள் தரையைப் பார்த்தாள்.

“வர்றேங்க,” என்று அவன் பொதுவாகச் சொன்னான். செவலை அவன் பின்னால் போனது. அவன் படலையைத் திறக்கக் கொளுக்கி ஒலித்ததும், பழக்கத்தில் ஓடிவந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டுவிட்டு, மறுபடி அவன் பின்னே ஓடியது.

“நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டு எனக்குக் கேக்கேல்லை,” என்று அம்மா கணவரிடம் சொன்னாள். “அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தன். அது போதும்.”

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ‘வாய் இருந்தும் ஊமையாய் நின்றேனே’ என்று அருந்ததி தன்னையே தின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

*

தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறை. வாசலில் ஒரு முதியவர், முதுகைக் காட்டிக்கொண்டு, தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அருந்ததி படியில் கால் வைத்ததும் செவலை எழுந்தது. முழங்கால்... கம்பளியின் ஓரம்... நாலடி நடந்து திரும்பிய பார்வை. மாரிமுத்து திரும்பினார்.

“டவுன் டீச்சரம்மாவா? வா தாயி.” காது கேளாதவர்களின் ஏற்ற இறக்கமில்லாத உரத்த குரல். “நாயைக் கேட்டு வந்தியா? கூட்டிப் போ.”

“இல்லை ஐயா, நான்...” அவள் கையை ஆட்டினாள்.

அவர் தோளிலிருந்த கம்பளியை எடுத்து மடித்தார். அவள் கையில் வைத்தார். “இத அது படுக்குற எடத்துல போட்டுரு. வாசம் இருந்தா ஓடிவராது. பொறகு உங்கம்மா சீலை ஒண்ணைக் கூடப் போடு. கொஞ்சங் கொஞ்சமா இந்தக் கம்பளிய எடுத்துரு. மறந்துரும்.” சொல்லும்போது ஒரு வேலையை விளக்குகிறவர்போலவே சொன்னார். கடைசிச் சொல்லைச் சொன்னபோது மட்டும் செவலையைப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு?” அவள் தன் காதைத் தொட்டு, அவரைச் சுட்டிக் காட்டினாள்.

“எனக்கு அங்க போயி கேக்குறதுக்கு என்ன தாயி இருக்கு?”

கொழுந்து மலைப் பக்கமிருந்து லெட்சுமணன் வந்தான். அவளைக் கண்டதும் நின்றான். மெல்லிய தூறல், அவன் இமைகளில் பொட்டுப் பொட்டாக...

“அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கவேணும்,” என்றாள். “திறக்கேல்லை. அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

“அதுக்காகவா மலை ஏறுனீங்க?”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறேல்லையோ?”

அவன் சிரித்தான். இந்த முறை கண்ணும் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தவே தேவையில்லாத இடத்தில். “மிஸ்... அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் கோச்சியில ஏறப் போறதில்ல. அப்பாவை அக்கா பாத்துக்கும். கண்டியில ஒரு வக்கீல் இருக்காரு. இங்கேயே இருக்க மனுக் குடுத்துப் பாக்கலாங்கிறாரு.”

“ஏன் நிக்கப் போறியள்?”

“ஏன்னு தெரியாதா?”

 கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தின் சூட்டைத் தூறலால் தணிக்க முடியவில்லை...

*

செவலை வந்து சேர்ந்தது. முதல் இரண்டு இரவும் கம்பளியில் முகம் புதைத்துப் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்து வேலையைத் தொடங்கியது.

லெட்சுமணன் மறுபடி வந்தான், முற்றத்தோடு நின்றான். அந்த வார வெள்ளிக்கிழமை மாலை அப்பா கச்சேரியிலிருந்து வந்து கொளுக்கியில் கை வைத்தார். இரண்டு வருடமாக அந்த இடத்தில் நின்று அவர் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டுப் பயனில்லை. சுற்றிப் போய்ப் பின்கதவைத் தள்ளித்தான் வருவார். மனைவி திடுக்கிட்டுத் திரும்புவாள். ஒவ்வொரு நாளும் அந்தத் திடுக்கிடல்...

அன்று கொளுக்கி ஒலித்ததும் முன்கதவு திறந்தது. சுசீலாதேவி வந்து நின்றாள், சீலைத் தலைப்பு நனைந்திருந்தது. “வந்திட்டியளோ? குடை கொண்டுபோகேல்லையோ?” என்று கேட்டாள். முன்பெல்லாம் கேட்பதுபோல.

ஆறுமுகநாதன் மழையில் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், கொக்குவிலுக்கு எழுதி வைத்திருந்த தபாலட்டையைக் கிழித்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது. “அந்தப் பிள்ளை மழையில நிக்குது,” என்று மகளிடம் சொன்னார். “உள்ளுக்கு வரச் சொல்லு.”

*

இந்தியாவுக்குப் போகிறவர்களின் கோச்சி, அந்த ரயில், காலை நேரத்தில். அருந்ததி அரை நாள் லீவு எடுத்து ஸ்டேஷனுக்குப் போனாள். மாரிமுத்துவை வழியனுப்ப என்று வீட்டில் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. கோச்சி போன பிறகும் மேடையில் ஒருவன் நிற்பான் என்ற சந்தோஷம்.

மேடை முழுக்கத் தகரப் பெட்டிகள், மூட்டைகள். போகிறவர்கள் நிற்கிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இந்த மலையில் பிறந்து, இதைத் தவிர வேறொன்றையும் பார்த்திராதவர்கள் ‘ஊருக்கு’ப் போகிறார்களாம். லெட்சுமணனின் அக்கா கிருஷ்ணம்மா ஒரு கையில் கைக்குழந்தையும் மறுகையில் நாலு வயது மகளுமாக நின்றாள். அவள் புருஷன் பெட்டிகளோடு பின்பெட்டிக்குப் போயிருந்தான்.

தோட்டத்துக் கிளாக்கர் பட்டியலை விரித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

“லெட்சுமணன், மாரிமுத்து மகன்!”

அவன் அசையவில்லை. கண்டி வக்கீலுக்குக் காட்ட வைத்திருந்த பாஸ்போர்ட் சட்டைப் பைக்குள் தெரிந்தது.  கிளாக்கர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்.

“மாரிமுத்து!”

பதில் இல்லை. “மாரிமுத்து!” கிருஷ்ணம்மாவின் மகள் கையை உதறிக்கொண்டு ஓட, அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். “மாரிமுத்து! இருக்கியா இல்லியா?”

பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மாரிமுத்து நின்றார். மழை மூடிய மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை, அறியாமலே, முழங்காலைத் தடவிக்கொண்டார்... எதுவும் வந்து தொடுகிறதா என்று பார்ப்பவர்போல.

லெட்சுமணன் அருந்ததியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பெயர் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள்தான் ஓடிப்போய் முதியவரின் முழங்கையைத் தொட்டு, கிளாக்கரைக் காட்டினாள்.

“இருக்கேங்க சாமி! இருக்கேங்க!”

“காது கேக்கலைன்னா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்யா! தலைமன்னாருல இப்படி நின்னா கப்பல் போயிரும். அங்க யாரு மூணு தரம் கூப்பிடுவா?”

மாரிமுத்து அவர் வாயைப் பார்த்து, புரியாமல், பணிவாகத் தலையாட்டினார்.

அருந்ததி அந்த இடத்திலேயே நின்றாள். இரண்டு வருடம் அவள் அறிந்த முகம் அது. கடைக்காரன் முன்னால், வைத்தியர் முன்னால், சொந்தக்காரர் முன்னால் அம்மா ஆட்டிய அதே தலை. இனி அம்மா அப்படித் தலையாட்டவேண்டாம். அம்மாவுக்கு வீட்டிலே இவருடைய செவலை இருக்கிறது.

அவள் திரும்பி லெட்சுமணனிடம் வந்தாள்.

“ஏறுங்கோ.”

“என்ன மிஸ்?”

“நீங்களும் ஏறுங்கோ. அங்க எத்தினை மேசையில எத்தினை பேர் பெயர் கூப்பிடுவினம்? அவருக்கு ஆர் சொல்லுறது?”

“அக்கா இருக்கு...”

“அக்காவுக்கு ரெண்டு கைதான். ரெண்டிலயும் பிள்ளையள்.”

அவன் உதட்டைக் கடித்தான். “நான் நிக்கிறதுல ஒங்களுக்கு இஷ்டமில்லையா?”

“நீங்கள் நிண்டால் எனக்கு ஒவ்வொரு நாளும் சந்தோசமா இருக்கும்.” அவள் மாரிமுத்துவின் பக்கம் கை காட்டினாள். “அம்மா படலையைத் திறக்கிற ஒவ்வொரு நேரமும் உங்கட அப்பா நிண்ட நிலை தெரியும். அந்தச் சந்தோசத்தை என்னால வைச்சுக்கொள்ள ஏலாது. உங்களாலயும் ஏலாது. உங்களை எனக்குத் தெரியும்.”

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. கார்டு பச்சைக் கொடியை எடுத்து உதறும் நேரம்தான். பிறகு அவன் கிளாக்கரிடம் ஓடினான். பாஸ்போர்ட்டை நீட்டினான். போட்ட கோட்டின்மேல் கிளாக்கர் முணுமுணுத்துக்கொண்டே ஏதோ எழுதினார். அவனிடம் பெட்டியில்லை, மாற்றுச் சட்டையில்லை. அப்பாவின் முழங்கையைத் தொட்டான். ‘நானும்’ என்று தன் நெஞ்சைச் சுட்டினான். மாரிமுத்துவின் முகம் சுருங்கி, விரிந்து, குழந்தைபோல ஆனது. அருந்ததி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோச்சி ஊதியது. மேடையிலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓவென்று அழுதார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே குனிந்து ஏதோ கத்தினான். இயந்திரத்தின் இரைச்சலில், அழுகையில், ஒரு எழுத்துக்கூட வந்து சேரவில்லை.

அவன் கத்துவதை நிறுத்தினான். அவளை நேராகப் பார்த்தான். உதடுகளை மட்டும், மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அசைத்தான். செவிடரோடு வாழ்ந்தவர்கள் பேசும் விதம் அது. முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, சொல்லைத் தின்னாமல், அவசரப்படாமல்...

‘ஒங்களத்தான்... ஒங்கள மட்டுந்தான்... அருந்ததி.’

அவளுக்கு ஒரு சொல் தவறவில்லை.

கண்ணீரைத் துடைத்து முகத்தை நிமிர்த்தினாள். அவன் பார்க்கவேண்டுமே. கச்சேரிக்காரர்கள் நின்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள், அப்பாவை அறிந்தவர்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். அத்தனை பேர் நடுவிலும் அவள் வாய் திறந்து, குரலே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

‘எனக்கும்... நீங்கள்தான்... உயிர்.’

பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. நகர்ந்துகொண்டிருந்த ஜன்னலில் அவன் மட்டும் தலையசைத்தான். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பி மறையும்வரை அவள் அதையே, அதே நிதானத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.